பழைய செட் அலறியது, புதியது ஏன் முனகுகிறது?

கேள்வி:

எங்கள் ஊர் பேளுக்குறிச்சி, கொல்லிமலை அடிவாரம். மல்லி, சீரகம், மிளகு வாங்கச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். அப்பா ரேடியோ செட் வைத்துத் தொழில் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று எது வந்தாலும் அவர் கட்டிய குழாய்தான் ஊரைக் கூப்பிடும். மலைக்கு மேலேயும் போவார். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் ரெக்கார்டுப் பெட்டியை மடியிலேயே வைத்திருப்பார், வண்டியில் கீழே வைக்க விடமாட்டார்.

அவர் காலமான பிறகு இருநூறு சொச்சம் இசைத்தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அவர் ஓட்டிய சூட்கேஸ் மாதிரி பிளேயரும் இருக்கிறது. ஆனால் அது வருடா வருடம் சத்தம் குறைந்து இப்போது கொசு மாதிரி பாடுகிறது. அதனால் போன மாதம் பெல்ட்டில் ஓடும் புது டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். வீட்டில் சேலத்தில் அசெம்பிள் செய்த 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பாக்ஸும் உண்டு. சிவப்பு, வெள்ளை பின்களை ஆக்ஸில் செருகினேன். பாட்டு வருகிறது. ஆனால் வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கிறது. தபேலா, தவில் எதுவும் இல்லை. தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்தான் கூடுகிறது. டர்ன்டேபிளோடு மெல்லிய ஒயர் ஒன்று தனியாக வந்தது. எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சுருட்டி வைத்திருக்கிறேன். அதே ஆக்ஸில் செல்போனைச் செருகினால் வீடு அதிர்கிறது. ஒருமுறை வால்யூமைக் குறைக்க மறந்துவிட்டேன், அம்மா பயந்தே போனார்.

ஒரு மெக்கானிக் “கேட்ரிட்ஜ் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார். இன்னொருவர் “வாட்ஸ் பத்தாது, 200 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கு” என்கிறார். நண்பர் ஒருவர் சொன்னார் என்று அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் மைக் ஜாக்கில் செருகிப் பார்த்தேன். சத்தம் வந்தது, ஆனால் காதைக் கிழிக்கிறது. அப்பாவின் பழைய பிளேயரை நேராகச் செருகினாலே ஊருக்குக் கேட்டதே? புதிதாக வாங்கியது மட்டும் ஏன் முனகுகிறது? ஏமாந்துவிட்டேனா?

— வாசகர், பேளுக்குறிச்சி

பதில்:

ஏமாறவில்லை. கையில் இருக்கிற காசை இன்னும் ஒரு வாரம் கையிலேயே வைத்திருங்கள். கேட்ரிட்ஜும் வேண்டாம், 200 வாட்டும் வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. செல்போன் அதே ஆக்ஸில் வீட்டை அதிர வைக்கிறது என்றால் ஆம்ப்ளிஃபயருக்கும் பாக்ஸுக்கும் குறை ஒன்றுமில்லை. பாட்டு வருகிறது, ஆனால் மெல்லியதாக, அடித்தொனியே இல்லாமல் வருகிறது. அப்படியென்றால் கேட்ரிட்ஜுக்கு உயிர் இருக்கிறது. இது ஒன்றும் இல்லாவிட்டாலும், சுருட்டி வைத்தேன் என்றீர்களே அந்த மெல்லிய ஒயர், அது ஒன்றே போதும். அது எர்த் ஒயர். அது தனியாக வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் ஊசியில் பிறந்த சத்தம் அப்படியே, யாரும் வளர்க்காமல், பின் வழியாக வெளியே வருகிறது என்று பொருள். அதை வளர்த்தெடுக்க ‘போனோ ப்ரீ-ஆம்ப்’ என்று ஒரு சின்னப் பெட்டி நடுவில் வேண்டும். உங்கள் செட்டில் இல்லாதது அது ஒன்றுதான்.

எவ்வளவு சின்னக் குரல்?

புது டர்ன்டேபிளில் இருப்பது ‘மூவிங் மேக்னட்’ வகைக் கேட்ரிட்ஜாக இருக்கும். உள்ளே கடுகை விடச் சின்னதாக ஒரு காந்தம். ஊசி தட்டின் பள்ளத்தில் ஆடும்போது காந்தமும் ஆடும். பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் அதனால் மின்சாரம் பிறக்கும். எவ்வளவு? 3 முதல் 6 மில்லிவோல்ட். கணக்குக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு.

உங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் வாய் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 200 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை கொடுக்கும். செல்போன் அதற்குக் கீழே. டர்ன்டேபிள் கொடுப்பது ஆக்ஸ் கேட்பதில் நாற்பதில் ஒரு பங்கு. வோல்டேஜ் நாற்பதில் ஒன்றானால், ஸ்பீக்கருக்குப் போகும் வாட் நாற்பதின் வர்க்கம், அதாவது 1,600-ல் ஒரு பங்காகிவிடும். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் வால்யூமை முழுக்கத் திருப்பியும் 0.03 வாட்தான் கொடுக்கும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுச் சத்தம் அது. நீங்கள் எழுதியதும் அதுதானே.

இதையே 200 வாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 1,600-ல் ஒரு பங்கு என்றால் ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு இத்தனை ஆயிரம் செலவழித்து, முனகலைக் கொஞ்சம் பெரிய முனகலாக்கலாம், அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் ஊறாதபோது பெரிய மோட்டார் இறக்குவது போல.

அப்பாவின் பெட்டி மட்டும் எப்படி?

உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். ஒரு பெட்டியும் இல்லாமல் நேராகச் செருகிய பழைய பிளேயர் ஊரைக் கூட்டியது. அதைவிட நல்ல புது டர்ன்டேபிள் ஏன் வாய் திறக்கவில்லை?

அந்தக் காலத்துச் சூட்கேஸ் பிளேயர்களில் இருந்தது காந்தமே இல்லாத வேறு ஜாதிக் கேட்ரிட்ஜ். கிறிஸ்டல் என்பார்கள், பின்னால் வந்தது செராமிக். சில பொருள்களை வளைத்தால், நெருக்கினால், தானாகவே மின்சாரம் சுரக்கும். அதுவும் தாராளமாகச் சுரக்கும். நூறு மில்லிவோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டைத் தொடும் வகைகள் வரை உண்டு. ஆக்ஸ் கேட்பதே 200 என்னும்போது, இதற்கு எதற்கு நடுவில் பெட்டி? நேராகச் செருகலாம், குழாய் அலறும். இன்றும் கடைகளில் விற்கிற மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் இருப்பது இதே செராமிக்தான்.

அந்தத் தாராளத்துக்கு விலை கொடுத்தது தட்டு. செராமிக் ஊசி பள்ளத்தில் ஐந்தாறு கிராம் எடையோடு உட்காரும். உங்கள் புது ஊசி இரண்டு கிராமோடு நின்றுகொள்ளும். பழையது பள்ளத்தை உழுதுகொண்டு சத்தம் போட்டது, புதியது வருடிப் பார்த்துச் சொல்கிறது. வருடுகிறவர் குரல் சின்னதாகத்தான் இருக்கும். அந்தக் குரல் சின்னதாக இருப்பது பழுதில்லை, அதன் சுபாவம்.

சத்தம் மட்டுமா குறை? தபேலா எங்கே போயிற்று?

மைக் ஜாக்கில் செருகச் சொன்ன நண்பர் பாதி வழி சரியாக யோசித்திருக்கிறார். மைக்கும் சில மில்லிவோல்ட்தான் கொடுக்கும், ஆகவே மைக் வாய் சின்னக் குரலை வளர்க்கத் தெரிந்த வாய். சத்தம் வந்ததும் அதனால்தான். ஆனால் காதைக் கிழித்ததே, ஏன்?

இசைத்தட்டில் பாட்டு உள்ளபடியே வெட்டப்படுவதில்லை. அடித்தொனியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி அடுத்த பள்ளத்தில் போய் இடிக்கும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டு அடங்காது. அதனால் வெட்டும்போதே அடித்தொனியை அடக்கி, கீச்சுத் தொனியைத் தூக்கிவிடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் தொனி ஏழில் ஒரு பங்காகக் குறையும். 10,000 ஹெர்ட்ஸ் தொனி ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்ட உயரும். கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்பினால் அடித்தொனி திரும்பி வந்துவிடும், தூக்கிய கீச்சை இறக்கும்போது தட்டின் சரசரப்பும் சேர்ந்து இறங்கிவிடும். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு வைத்திருந்தது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சங்கம் ஒரே அளவை வகுத்தது, பின்னர் உலகமே அதற்கு வந்துவிட்டது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே அளவின் பெயராகி, ஆர்.ஐ.ஏ.ஏ. என்கிறோம்.

வீட்டு வழக்கில் சொன்னால், இது வத்தல் போடுகிற வேலை. டப்பாவில் அடங்குவதற்காகக் காய வைத்துச் சுருக்குகிறோம். எண்ணெயில் போட்டால்தான் விரியும். தட்டில் இருப்பது காய்ந்த பாட்டு. போனோ ப்ரீ-ஆம்ப்தான் எண்ணெய்ச் சட்டி. அது குரலை நூறு மடங்கு வளர்க்கும், அடக்கிய தவிலை மேலே கொண்டுவரும், தூக்கிய கீச்சை இறக்கும். மைக் ஜாக் இதில் முதல் வேலையை மட்டும் செய்தது. நீங்கள் கேட்டது பொரிக்காத வத்தல். அப்பாவின் செராமிக் பிளேயருக்கு இந்தத் தொல்லையும் இல்லை. காந்த வகை, ஊசி ஆடும் வேகத்துக்கு ஏற்ப மின்சாரம் தரும். செராமிக், ஊசி எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதற்கு ஏற்பத் தரும். அடித்தொனிக்கு ஊசி அதிக தூரம் விலகும் என்பதால், அந்தச் சரிக்கட்டலில் பெரும்பகுதி தானாகவே நடந்துவிடும்.

இதை வைத்தே ஒரு சோதனை சொல்லலாம். சத்தமும் குறைவு, அடித்தொனியும் இல்லை என்றால் ப்ரீ-ஆம்ப் இல்லை. அடித்தொனி சரியாக இருந்து சத்தம் மட்டும் குறைவு என்றால் ப்ரீ-ஆம்ப் இருக்கிறது, வளர்க்கும் அளவுதான் போதவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் காதில் பிடித்துக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

வாங்கும் முன் பத்து நிமிடம்

முதலில் டர்ன்டேபிளின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சில மாடல்களில் ப்ரீ-ஆம்ப் உள்ளேயே வரும். பின்னாலோ, தட்டுக்கு அடியிலோ ‘போனோ’, ‘லைன்’ என்று இரண்டு நிலை எழுதிய சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது போனோ பக்கம் கிடந்தால், லைன் பக்கம் தள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் கதை முடிந்தது. எர்த் ஒயர் வந்தும் இப்படி ஸ்விட்ச் இருக்கிற மாடல்கள் உண்டு, அதனால்தான் முதலில் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்து ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம். ‘போனோ’ என்று எழுதிய ஜாக் இருக்கிறதா, பக்கத்தில் எர்த் மாட்ட ஒரு திருகு இருக்கிறதா? ஊரில் அசெம்பிள் செய்தவற்றில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: பழைய ரேடியோக்களிலும் ரேடியோ செட் ஆம்ப்ளிஃபயர்களிலும் ‘கிராம்’ அல்லது ‘பிக்கப்’ என்று ஒரு வாய் இருக்கும். அது பெரும்பாலும் அந்தக் காலத்துக் கிறிஸ்டலுக்காக வைத்தது, உள்ளே ஆர்.ஐ.ஏ.ஏ. இருக்காது. பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், காதை நம்புங்கள். தவில் கேட்டால் சரி.

மூன்றாவது, ஊசியைப் பாருங்கள். அவசரத்தில் ஊசி உறையைக் கழற்ற மறந்தவர்கள் உண்டு. சிரிக்காதீர்கள். ஒருமுறை ஒரு வீட்டில் சத்தம் குறைவு என்று கூப்பிட்டபோது ஒரு மணி நேரம் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி, சாலிடரிங் அயர்ன் வைத்து, வியர்த்து, கடைசியில் ஊசி முனையில் பொட்டு அளவுக்குப் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஊசி பஞ்சின் மேல் மிதந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து முதலில் ஊசி, அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவுங்கள், குறுக்கே தடவினால் ஊசித் தண்டு ஒடியும்.

நான்காவது, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஓடும் தட்டின் மேல் ஊசியை இறக்கி, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எறும்பு பாடுவது போல அதே பாட்டு ஊசியிலிருந்தே கேட்கும். ஊசி பள்ளத்தைச் சரியாகப் படிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கடையில் ‘ப்ரீ-ஆம்ப்’ என்று மட்டும் கேட்டால், பாஸ், ட்ரபிள் திருகுகிற டோன் போர்டையோ மைக் போர்டையோ கையில் கொடுத்துவிடுவார்கள். “மூவிங் மேக்னட் கேட்ரிட்ஜுக்கு, ஆர்.ஐ.ஏ.ஏ. போனோ ப்ரீ-ஆம்ப்” என்று முழுப் பெயர் சொல்லுங்கள். அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். இன்புட் 47 கிலோஓம் என்று இருக்க வேண்டும். வளர்க்கும் அளவு 35 முதல் 40 டெசிபல் வரை இருக்க வேண்டும். 40 டெசிபல் என்பது நூறு மடங்கு. 5 மில்லிவோல்ட் 500 ஆகும், ஆக்ஸுக்கு அது தாராளம். சில ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல பெட்டி கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லி அனுப்பலாம். இல்லையென்றால், உங்கள் ஆம்ப்ளிஃபயரை அசெம்பிள் செய்த ஆளே 5532 என்ற ஐ.சி.யை வைத்து ஒரு போர்டு கட்டித் தந்துவிடுவார். ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்குப் பழக்கமான ஐ.சி. அது. ஆர்.ஐ.ஏ.ஏ.வுக்கான ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகள் மட்டும் பிசகக் கூடாது.

மாட்டும் வரிசை: டர்ன்டேபிளின் சிவப்பு, வெள்ளைப் பின்கள் ப்ரீ-ஆம்பின் இன்புட்டுக்கு. அந்த அனாதை எர்த் ஒயர் ப்ரீ-ஆம்பில் இருக்கும் திருகுக்கு. ப்ரீ-ஆம்பின் அவுட்புட் உங்கள் ஆக்ஸுக்கு. ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலில் பெரும்பங்கு அந்த ஒயரை மாட்டியதும் அடங்கும். மிச்சமிருந்தால் அது பெரும்பாலும் ட்ரான்ஸ்பார்மர் வேலை. ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். இரண்டடி தள்ளி வையுங்கள். ப்ரீ-ஆம்பையும் ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் வைக்க வேண்டாம். டர்ன்டேபிளிலிருந்து ப்ரீ-ஆம்ப் வரை வரும் ஒயர் குட்டையாக இருக்கட்டும், அங்கே ஓடுவது இன்னும் அந்தப் பச்சைக் குழந்தைக் குரல்தான். வளர்ந்த பிறகு ஒயர் நீளமாக இருந்தால் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டர்ன்டேபிளுக்குள் ப்ரீ-ஆம்ப் இருந்து, அதை லைனில் வைத்துவிட்டு, வெளியேயும் ஒரு ப்ரீ-ஆம்ப் போடக் கூடாது. இரண்டு முறை வளர்ந்த குரல் உடைந்து கரகரக்கும். வத்தலை இரண்டு முறை பொரித்தால் கருகும்.

அதன் பிறகும் குறைந்தால்?

இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குறைந்து, அடித்தொனி சரியாக இருந்தால் கேட்ரிட்ஜ் வகையைப் பாருங்கள். ‘மூவிங் காயில்’ என்று விலை உயர்ந்த இன்னொரு வகை உண்டு. அது 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் கொடுக்கும், அதற்கு ஆயிரம் மடங்கு வளர்க்கும் ப்ரீ-ஆம்ப் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விற்கும் டர்ன்டேபிளில் அது இருக்காது.

ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் வேறு கதை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ப்ரீ-ஆம்புக்குள் போகும் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகுங்கள். குறை மறு பக்கத்துக்குத் தாவினால் கோளாறு டர்ன்டேபிளில். தாவாமல் அதே பாக்ஸில் நின்றால் கோளாறு ப்ரீ-ஆம்பிலோ அதற்குப் பின்னாலோ.

டர்ன்டேபிளில் என்றால் கேட்ரிட்ஜின் முதுகுப் பக்கம் பாருங்கள். தலைமுடி கனத்தில் நான்கு ஒயர்கள், நான்கு ஊசிக்கால்களில் செருகியிருக்கும். சிவப்பும் பச்சையும் வலப் பக்கத்துக்கு, வெள்ளையும் நீலமும் இடப் பக்கத்துக்கு. இவற்றில் ஒன்று பாதி கழன்றிருக்கலாம், அல்லது கால் கறுத்திருக்கலாம். ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கும்போது, பிள்ளைகள் பென்சில் ரப்பரின் ஒரு மூலையால் காலை இலேசாகத் தேய்த்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒயரின் முனையிலுள்ள உலோகக் கூட்டைப் பிடித்து மறுபடி செருகுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். கேட்ரிட்ஜே போய்விட்டதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், நான்கு ஒயரையும் கழற்றிவிட்டு, மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு பக்கத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். மூவிங் மேக்னட்டில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னதுபோல் கேட்ரிட்ஜை மாற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் செல்போனை விட இசைத்தட்டு கொஞ்சம் தணிந்தே கேட்கும். அது குறையில்லை. இன்றைய பாட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை சத்தத்தை இறுக்கிக் கட்டிப் பதிகிறார்கள். அன்றைய பதிவில் மெல்லிய இடம் மெல்லியதாக இருக்கும். தட்டுக்குத் தட்டும் மாறும். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடம் அடைத்த எல்.பி., பள்ளங்கள் நெருங்கி, தணிந்து பாடும். இரண்டு பாட்டு மட்டும் உள்ள 45 சுற்று சின்னத் தட்டில் இடம் தாராளம், கணீரென்று இருக்கும். அப்பாவின் பெட்டியில் டம்டம் ஆலையில் அழுத்திய எச்.எம்.வி. தட்டுகளும், இன்ரிகோ, எக்கோ தட்டுகளும் கலந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வால்யூமைக் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும். கனமாக, உடையக்கூடியதாக, அரக்கு வாசனையோடு 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதை இந்த ஊசியில் போடாதீர்கள். அதன் பள்ளம் அகலம். அதற்கு நான்கு மடங்கு பருத்த முனையுள்ள ஊசி வேண்டும். இந்த ஊசி அடியில் உருண்டு குப்பைச் சத்தம்தான் கொடுக்கும்.

இனி ஊசி மாற்றும்போதும் ஜாக் மாற்றும்போதும் முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முழு வால்யூமில் பல மடங்கு பெரிய குரல் திடீரென்று உள்ளே போனால், பயப்படுவது அம்மா மட்டுமில்லை, பாக்ஸில் உள்ள ட்வீட்டர் எரிந்தே போகும்.

கொசு மாதிரி பாடும் பழைய பிளேயர்

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய கிறிஸ்டல் கேட்ரிட்ஜுக்குள் இருந்தது ரோஷல் உப்பு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸின் லா ரோஷல் ஊர் மருந்துக்காரர் ஒருவர் செய்தது. முதலில் அதைப் பேதி மருந்தாகத்தான் கொடுத்தார்கள். வளைத்தால் மின்சாரம் தருகிற குணம் பின்னால் தெரிந்தது. உப்பு என்றால் உப்புதான். ஈரம் பட்டால் கசியும், ஒரேயடியாகக் காய்ந்தால் பொடியும், 55 டிகிரி சூட்டில் குணத்தை இழந்துவிடும். மலை அடிவாரத்து ஐப்பசி ஈரத்தையும், சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் கொதிக்கிற சூட்டையும் அது எத்தனை வருடம் தாங்கும்? திடீரென்று நிற்காது. வருடா வருடம் குரல் தேயும். நீங்கள் எழுதியதே அதுதான். உள்ளே இருப்பது செராமிக் என்றால் உப்பு இல்லை, ஆனால் ஊசியைப் பிடித்திருக்கும் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். எதுவானாலும் புது செராமிக் கேட்ரிட்ஜ் ஒன்று மாட்டினால் அந்தப் பெட்டி மறுபடி அலறும். எடை பொருந்துகிறதா என்று பார்த்து மாட்டுங்கள், நல்ல எல்.பி.களை மட்டும் அதில் ஓட்டாதீர்கள்.

இப்போது அந்த மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். அவர் கை பழகியது இந்த மாதிரிப் பெட்டிகளில். அவர் காலத்தில் சத்தம் தேய்ந்தால் பத்துக்கு ஒன்பது, உப்புப் போன கேட்ரிட்ஜ். மாற்றினார், பாடியது. அதையேதான் உங்களிடமும் சொன்னார். பெட்டியைப் பார்க்காமல் நோயை மட்டும் கேட்டதில்தான் பிசகு. ஆகவே அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். புது டர்ன்டேபிளை வீட்டில் வைத்துவிட்டு, அப்பாவின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போய், “அண்ணே, கேட்ரிட்ஜ் போயிருச்சு, மாத்திக் கொடுங்க” என்று சொல்லுங்கள். இந்த முறை அவர் சொன்னது சரி.